சில்லறை மூட்டையை யார் தலையில் இறக்குவது?

குலசேகரப்பட்டினம் தசரா முடிந்த கையோடு நெல்லைச் சீமையில் சில்லறை புரள ஆரம்பிக்கும். காளி, குறவன், அனுமன் என்று வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கியவர்கள் போகிற வழியில் உள்ள பலசரக்குக் கடையிலும் டீக்கடையிலும் காசைக் கொட்டி நோட்டாக வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனித் தேரோட்டம், குற்றாலச் சீசன், ஊர் அம்மன் கொடை (கோவில் திருவிழா) என்று வருஷம் முழுக்க இது வேறு வேறு இடத்தில் நடக்கும். ஒரு தெருவில் சில்லறை இல்லாமல் கடைக்காரர் மிட்டாயை நீட்டிக்கொண்டிருப்பார். அடுத்த தெருவில் கல்லாவுக்குக் கீழே அரிசிப் பையில் எட்டுக் கிலோ காசு கிடக்கும்.

அந்தப் பையை வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் நாணயம் போடக் கட்டணம் உண்டு என்பதே பலருக்குத் தெரிய வரும். வியாபாரிகள் வைத்திருக்கும் கரண்ட் கணக்கு என்றால் பெரும்பாலும் இருக்கும். ரூபாயைப் போடுவதற்கே ரூபாயா என்று கோபம் வருவது நியாயம். அந்தக் கோபத்தில் ஆளுக்கொரு வழி கண்டுபிடிக்கிறார்கள்: தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது, வீட்டுக்காரம்மா கணக்கில் போடுவது, கமிஷனுக்குத் தள்ளுவது, கூலியில் கலந்து கொடுப்பது. இதில் சில வழிகளில் ஒரு குற்றமும் இல்லை. சிலவற்றில் நம் கட்டணத்தை நம்மைவிட இளைத்தவர் கட்டுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். எட்டுக் கிலோ காசைப் பிரித்து எண்ணுவது ஒரு வேலை. எந்த வழியில் போனாலும் அந்த வேலையை யாரோ ஒருவர் செய்தாக வேண்டும். அவர் யார், சம்மதித்துச் செய்கிறாரா, அவருக்கு அதில் ஏதாவது உண்டா என்று பார்த்துத்தான் கீழே ஒவ்வொரு வழியையும் எடை போட்டிருக்கிறோம்.

கவுண்டரில் சண்டை போடும் முன்

2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம், 6-ஆவது பிரிவு: ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரே கொடுக்கல் வாங்கலில் 1,000 ரூபாய் வரை செல்லும். 50 பைசா நாணயம் 10 ரூபாய் வரை செல்லும். ஆம், 50 பைசா இன்னும் செல்லும். 25 பைசாவும் அதற்குக் கீழானவையும்தான் 2011 ஜூன் 30-ஓடு போய்விட்டன. இந்த 1,000 ரூபாய் வரம்பு கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலானது. உங்கள் கணக்கில் நாணயம் போட அப்படி ஒரு வரம்பு கிடையாது. வங்கி எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் ரிசர்வ் வங்கியின் நிலை. கவுண்டருக்கு வரும் நாணயத்தை எந்தக் கிளையும் வாங்க மறுக்கக் கூடாது என்றும் அது திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

மறுப்பது வேறு, கட்டணம் கேட்பது வேறு. சேவைக் கட்டண அட்டவணையில் போட்டு, கணக்குத் தொடங்கும்போதே நாம் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட கட்டணத்தை வசூலிப்பதில் சட்டப் பிழை இல்லை. “சில்லறையா? நாங்க வாங்குறதில்ல அண்ணாச்சி” என்பது பிழை. இந்த இரண்டாவது பதில் வந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். பாதி இடங்களில் அதோடு வழி பிறந்துவிடும். பிறக்காவிட்டால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே புகார் போடலாம். கட்டணம் அதிகம் என்கிற வருத்தத்தை மட்டும் அங்கே கொண்டு போனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அட்டவணையில் இல்லாத கட்டணம் பிடித்திருந்தால் தாராளமாகக் கொண்டு போகலாம்.

வங்கிக்கு நாணயம் ஏன் கசக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. நோட்டு வந்தால் அடுத்த வாடிக்கையாளருக்கு அன்றைக்கே போய்விடும். நாணயம் மூட்டையாக வந்து மூட்டையாகவே கிடக்கும். 2018 ஜனவரியில் நாணயச் சாலைகளே வைக்க இடமில்லாமல் உற்பத்தியைக் கொஞ்ச நாள் நிறுத்தின. மக்களிடம் நாணயத்தைக் கொண்டு சேர்ப்பதற்கு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி ஊக்கத்தொகை கொடுக்கிறது. 2021 செப்டம்பரில் ஒரு நாணயப் பைக்கு 25 ரூபாயாக இருந்ததை 65 ஆக்கியது. உள்ளே வாங்கி வைக்கும் கிளைக்கு அப்படி வரும்படி இல்லை. ஆக, கேஷியரின் முகம் சுளிப்பதற்குக் காரணம் நீங்கள் இல்லை.

முதலில் அட்டவணையைப் படியுங்கள்

கட்டணம் பெரும்பாலும் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, போடும் தொகையில் சதவீதம். மற்றொன்று, 100 நாணயத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கணக்கு. இரண்டிலும் தினசரியோ மாதமோ ஓர் இலவச வரம்பு இருக்கலாம். எதுவானாலும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. உங்கள் கணக்குக்கு எது என்று தெரியாமல் வழி தேடுவது, எடை தெரியாமல் விலை பேசுவது மாதிரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 4,000 ரூபாய் சில்லறை சேரும் டீக்கடை என்று வையுங்கள். ஒரு ரூபாய் 800, இரண்டு ரூபாய் 600, ஐந்து ரூபாய் 280, பத்து ரூபாய் 60. மொத்தம் 1,740 நாணயம், எட்டுக் கிலோ. இப்போது இருக்கும் வழக்கமான நாணயங்களை வைத்துப் போட்ட எடை இது.

கட்டணம் 5 சதவீதம் என்றால் 200 ரூபாய், ஜிஎஸ்டி 36, ஆக 236. அதே மூட்டைக்கு 100 நாணயத்துக்கு 10 ரூபாய் என்ற கணக்கு என்றால் 18 பங்கு (மீதி 40 நாணயமும் ஒரு பங்கு), 180 ரூபாய், ஜிஎஸ்டியோடு 212 ரூபாய் 40 காசு. பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். பிரித்துப் பாருங்கள்: ஐந்தும் பத்தும் சேர்த்து 340 நாணயம்தான், ஆனால் மதிப்பு 2,000 ரூபாய், மூட்டையில் சரிபாதி. எண்ணிக்கைக் கணக்கு வங்கியில் அதை மட்டும் போட்டால் 4 பங்கு, 47 ரூபாய் 20 காசோடு முடிந்தது. எண்ணிக்கைக் கணக்கில் ஒரு ரூபாய் நாணயத்துக்குக் கட்டணம் 10 சதவீதம் விழுகிறது, பத்து ரூபாய் நாணயத்துக்கு ஒரு சதவீதம்தான். சதவீத வங்கியில் இந்தப் பிரிப்புக்குத் தனி லாபம் இல்லை. 2,000-க்கு 118 ரூபாய் கட்ட வேண்டும்.

இதில் நம் பக்கத்துக்கு ஒரு கூடுதல் வசதி. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்கிற வதந்தி எங்கிருந்து வந்ததோ, இன்னும் முழுசாகப் போகவில்லை. புழக்கத்தில் உள்ள 14 வடிவங்களும் செல்லும், ரூபாய்க் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்து, சந்தேகம் கேட்க 14440 என்ற எண்ணையும் கொடுத்தது. ஆனாலும் காய்கறிக்காரம்மாவிடம் நீட்டினால் “நோட்டா இருந்தா குடுங்க” என்பார். கடைத்தெருவில் தயங்குகிற காசு வங்கிக்கு மலிவாகப் போகிறது. வங்கியில் கட்டணம் கூடுதலாக விழுகிற ஒன்றும் இரண்டும் கடைத்தெருவில் தேடப்படுகிறது. எந்த ஏமாற்றும் இல்லாமல் கட்டணத்தைக் குறைக்கும் முதல் வழி இந்தப் பிரிப்புதான்.

எண்ணிக் கட்டுவது

வங்கியில் போட்டாலும் கடைக்குக் கொடுத்தாலும் நூறு நூறாகக் கட்டித்தான் கொடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு ரூபாய் நாணயங்களை எடை போட்டு வாங்கலாம் என்றும், நூறு நூறாகப் பிளாஸ்டிக் உறையில் வாங்குவது இரு தரப்புக்கும் சௌகரியம், அந்த உறைகளைக் கவுண்டரில் வைத்திருக்கலாம் என்றும் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. முதல் நாளே போய் உறை கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் ஜிப் வைத்த சின்னக் கவர் எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும்.

எடை போடுவதில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஒரு ரூபாய் நாணயம் ஒரே எடை இல்லை. 1990-களில் வந்த 25 மில்லிமீட்டர் எஃகு நாணயம் 4.85 கிராம், 2011 வரிசை (அந்த ஆண்டு வந்த புது வடிவம்) 3.79 கிராம், 2019 வரிசை 3.09 கிராம். நூறு நாணயம் என்றால் 485, 379, 309. இன்னும் மோசமான இடம் ஒன்று உண்டு: 2011 வரிசை இரண்டு ரூபாயும் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். பழைய ஒரு ரூபாயை அதன் பக்கத்தில் வைத்தால் விரலுக்கும் தராசுக்கும் இரண்டும் ஒன்றுதான். கண்தான் பிரிக்க வேண்டும். 485 கிராம் காட்டும் உறைக்குள் 100 ரூபாயும் இருக்கலாம், 200 ரூபாயும் இருக்கலாம்.

ஆகவே முதலில் மதிப்பு வாரியாக, பிறகு வரிசை வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒரு ரூபாயை அளவு வைத்தே மூன்று குவியலாக்கிவிடலாம். ஐந்து ரூபாயில் பழைய தடித்த வெள்ளை நாணயம் 9 கிராம். உருக்கி பிளேடு செய்கிறார்கள் என்று ஒரு காலத்தில் பேச்சு அடிபட்டதே, அந்தக் காசு. அதற்குப் பின் வந்தவை 6 கிராம், 2019 வரிசை 6.74. பத்து ரூபாய் 7.71. பிரிக்காமல் 379 கிராமுக்கு ஒரு ரூபாயை நிறுத்துக் கட்டினால், அதில் இருபது சின்னக் காசு கலந்திருந்தாலே உறைக்குள் 104 காசு போய்விடும். நட்டம் உங்களுக்கு. பெரிய காசு கலந்தால் உறை குறைந்து, நட்டம் வாங்குபவருக்கு.

பலசரக்குக் கடைத் தராசு பெரும்பாலும் 5 கிராம் படியில்தான் காட்டும். 3.79 கிராம் காசு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அதற்குத் தெரியாது. ஒரு கிராம் காட்டும் சிறு தராசு இல்லாவிட்டால் எடையை நம்பாதீர்கள். பத்துப் பத்தாக அடுக்கி, பத்து அடுக்கைத் தட்டில் வரிசையாக வைத்து, மேலே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஓர் அடுக்கு ஒரு காசு ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் கை கண்டுபிடித்துவிடும். ஒரே வரிசைக் காசாக இருந்தால்தான் இதுவும் பலிக்கும்.

அடுக்கும்போதே தள்ள வேண்டியதைத் தள்ளுங்கள்: 25 பைசா, 20 பைசா, வளைகுடாவிலிருந்து யார் பையிலோ வந்த திர்ஹம், துளை போட்டது, ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது. சிதைத்த நாணயத்தை வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கோவில் வாசல் காசு என்றால் திருநீறும் எண்ணெயும் ஒட்டி இரண்டு காசு ஒரு காசாக நிற்கும். சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு அலசி, துணியில் பரப்பி நன்றாகக் காயவிட்டுக் கட்டுங்கள். ஈரத்தோடு கட்டினால் உறைக்குள் வியர்த்து நாறும், எடையும் பொய் சொல்லும்.

உறைக்குள் ஒரு துண்டுச்சீட்டு: மதிப்பு, 100 எண்ணம், தொகை, தேதி, உங்கள் கடைப் பெயர். எழுத்து வெளியே தெரியட்டும். கேஷியர் பத்து உறையில் ஒன்றைப் பிரித்து எண்ணிப் பார்ப்பார். அதில் 98 இருந்தால் மற்ற ஒன்பதையும் பிரிப்பார், அடுத்த மாதமும் பிரிப்பார். அதில் போவது இரண்டு ரூபாயோடு நிற்காது.

வழிகள்

*கட்டணத்தைக் கட்டி வங்கியில் போடுவது.* மூட்டை கலப்படமாக இருக்கிறது, பிரிக்க ஆள் இல்லை, மாதா மாதம் பெரிய தொகை என்றால் இதுதான் நேரான வழி. எண்ணும் வேலையை விலைக்கு விற்கிறார்கள், நீங்கள் வாங்குகிறீர்கள். கேஷியர் கண் முன்னால் எண்ணி முடிக்கும் வரை நின்று, செலானில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். “வச்சிட்டுப் போங்க, சாயங்காலம் எண்ணிச் சொல்றோம்” என்றால் வேண்டாம். கட்டணம் அன்றைக்கே தெரியாமல், பின்னால் தனிப் பற்றாக விழலாம், பாஸ்புக்கைப் பாருங்கள்.

கட்டணம் கட்டுகிறோம் என்பதற்காக எந்த நாளும் போகலாம் என்று இல்லை. களக்காடு, திசையன்விளை மாதிரி ஊர்களில் பல கிளைகளில் பணம் வாங்கும் கவுண்டர் ஒன்றே ஒன்று. மாதத்தின் முதல் வாரம் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், நூறு நாள் வேலைக் கூலி ஏறிய நாளில் பெண்கள், திங்கள்கிழமை எல்லோரும். அந்த வரிசையில் 17 உறையோடு முன்னால் நின்றால் உங்கள் கட்டணம் வங்கிக்குத்தான் போகும், காத்திருப்பு பின்னால் நிற்கும் ஆச்சிக்கு. மாத நடுவில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, முதல் நாள் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. கரன்சி செஸ்ட் (ரிசர்வ் வங்கிக்காக நோட்டும் நாணயமும் இருப்பு வைக்கும் பெட்டகம்) உள்ள பெரிய கிளை அருகில் இருந்தால் அங்கே போவது இன்னும் நல்லது. பணம் போடும் இயந்திரம் நாணயம் வாங்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் பையோடு போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

*இலவச வரம்புக்குள் பிரித்துப் போடுவது.* தினம் இத்தனை நாணயம் இலவசம் என்று அட்டவணையே சொன்னால், தினம் அத்தனை போடுவது அட்டவணையைப் படித்த புத்தி, ஏமாற்று இல்லை. இதற்கு மனசாட்சியைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. கடைக்கு எதிரிலேயே வங்கி என்றால் செய்யுங்கள். வள்ளியூருக்குப் பஸ் ஏறிப் போய்ச் செய்வதென்றால் மிச்சம் பிடித்தது பஸ்ஸுக்கும், கடையை அரை மணி நேரம் பூட்டியதற்கும் சரியாகப் போகும். ஒரே வங்கியின் வேறு வேறு கிளைக்குப் போவது வீண். கணக்கு ஒன்றுதான்; எண்ணிக்கை கணக்கில் ஏறும், கிளையில் இல்லை.

*வேறொருவர் கணக்கில் போடுவது.* இங்கேதான் கோடு தாண்டுகிறது. உங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு, நீங்கள் தள்ளுவண்டிக்காரர், பூ விற்பவர் என்றால் அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. உங்களுக்கென்று உள்ள கணக்குதான் அது. கரண்ட் கணக்கு வைத்திருக்கும் கடை, கட்டணத்துக்குப் பயந்து கடைப்பையனின் ஜன்தன் கணக்கில் மாதா மாதம் போடச் சொல்வது வேறு. ஜன்தன் மாதிரி அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் எத்தனை முறை, எவ்வளவு போட்டாலும் போடுவதற்குக் கட்டணம் கிடையாது. ஏழைக்கு வங்கி வாசல் திறக்க வேண்டும் என்று வைத்த சலுகை அது. முழு ஆவணம் இல்லாமல் தொடங்கிய சிறு கணக்கு என்றால் ஒரு வருஷத்தில் மொத்தமே ஒரு லட்சம்தான் வரவு வைக்கலாம். உங்கள் மாதம் 4,000 அதில் 48,000-ஐத் தின்றுவிடும். நாளைக்கு வங்கி இந்த வரவு ஏது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் அவன். முதலாளி கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் இருப்பவனிடம் கேட்கும் உதவி, உதவி இல்லை.

மனைவி கணக்கு? குடும்பத்துக்குள் நடப்பது என்று பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். வியாபாரப் பணம் ஓடுவதைக் கண்டால் வங்கி கரண்ட் கணக்குக்கு மாறச் சொல்லும். கடை வரவு கடைக் கணக்கில் ஏறாவிட்டால் வரிக்கணக்கு எழுதும்போது இடிக்கும். எப்போதாவது ஒரு முறை, அந்த அம்மாவுக்குத் தெரிந்து, புத்தகத்தில் எழுதி வைத்து என்றால் சரி. வழக்கமாக்க வேண்டாம்.

*கடைத்தெருவில் முகமதிப்புக்கு மாற்றுவது.* எங்கள் தேர்வு இது. ஒன்று, இரண்டு ரூபாய்க்கு முழுக்க இதையே சொல்வோம். நயினார்குளம் மார்க்கெட், டவுன் ரத வீதிகள், பாளை மார்க்கெட், ஜங்ஷன் சுற்றிலும் உள்ள டீக்கடை, பூக்கடை, பால் பூத் எல்லாம் காலை ஏழு மணிக்குச் சில்லறைக்கு அலையும் இடங்கள். வெளியூர் என்றால் பாவூர்சத்திரம் சந்தை. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கண்டக்டர் பையில் முன்னளவு சில்லறை தேவைப்படுவதில்லை. அவரை நம்பி மூட்டை சேர்க்காதீர்கள்.

எப்படிச் செய்வது: மேலே சொன்ன மாதிரி நூறு நூறாகக் கட்டி, ஒரு கடைக்கு நாலைந்து உறைக்கு மேல் கொடுக்காமல், வாங்குபவர் முன்னால் ஒரு உறையைப் பிரித்துக் காட்டி, நோட்டாக வாங்கிக்கொள்வது. குறைந்தால் தருகிறேன் என்று சீட்டில் கடைப் பெயர் இருப்பதே போதும். கேட்டுக் கொடுக்க வேண்டும். “அண்ணாச்சி, ஒண்ணு ரெண்டு ஒரு ஐநூறுக்கு வேணுமா?” என்று கேட்டால், வேண்டாதவர் வேண்டாம் என்பார், ஒன்றும் கெட்டுப் போகாது. இரண்டு மூன்று கடையோடு வாரத்துக்கு இத்தனை என்று பேசி வைத்துக்கொண்டால் மூட்டை சேரவே சேராது. ஆனித் தேரோட்டத்துக்கும் கந்த சஷ்டிக்கும் இரண்டு வாரம் முன்னால் தேவை ஏறும். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் ஏறும். தசரா முடிந்த வாரம் யாரும் வாங்க மாட்டார்கள், எல்லோரிடமும் இருக்கும். அப்போது பதினைந்து நாள் பொறுங்கள். காசு கெட்டுப் போகாது.

எண்ணும் வேலை இங்கே உங்களுடையது. வாங்குபவருக்கு மிட்டாய் கொடுக்க வேண்டிய சங்கடம் தீர்கிறது. வாடிக்கையாளருக்கு மீதிச் சில்லறை சரியாகக் கிடைக்கிறது. யாரும் யார் செலவிலும் தப்பிக்கவில்லை.

*கமிஷனுக்கு மாற்றுவது.* தட்டுப்பாட்டுக் காலத்தில் நூறு ரூபாய் சில்லறைக்கு நூற்றைந்து, நூற்றுப்பத்து கேட்பது உண்டு. சில்லறை வெள்ளமாகப் புரளும்போது அதே ஆட்கள் நூறு ரூபாய்க் காசை எடுத்துக்கொண்டு தொண்ணூறு கொடுப்பார்கள். நாணயத்தை முகமதிப்புக்கு மாறான விலைக்கு விற்பதற்கென்று அளவுக்கு மிஞ்சிச் சேர்த்து வைப்பதை நாணயச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு தடுக்கிறது. உருக்குவதும் அதே பிரிவில்தான் வருகிறது. ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வங்கிக் கட்டணம் 5 சதவீதம், இவர் 3 சதவீதம்தான் கேட்கிறார் என்று கணக்குப் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், இந்த வியாபாரத்தின் அடிமட்டத்தில் யார் இருக்கிறார்கள்? கோவில் வாசலில் உட்கார்ந்து வாங்கிய காசைச் சாயங்காலம் நோட்டாக்க வரும் பாட்டி. அவருக்கு வங்கியும் தெரியாது, பேரம் பேசவும் தெம்பில்லை. நூறு காசுக்குத் தொண்ணூறு ரூபாய் கொடுப்பவர் வாங்கும் கட்டணத்தை எந்த வங்கியும் அட்டவணையில் எழுதத் துணியாது. சில்லறை தேவைப்படும் கடைக்காரர்களே, அந்தப் பாட்டியிடம் நூற்றுக்கு நூறு கொடுத்து வாங்குங்கள். எண்ணிக் கொடுத்ததற்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாலும் தகும்.

*கூலியிலும் பாக்கியிலும் கலந்து தள்ளுவது.* 1,000 ரூபாய் வரை சட்டப்படி வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லி, சுமை இறக்கியவருக்கு 700 ரூபாய் கூலியைக் காசாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் கொடுப்பவர் பக்கம். ஆனால் அந்த மூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு போய், எண்ணி, மாற்றுவதற்கு இனி சுமை இறக்கிய மனிதர் அலைய வேண்டும். அதற்குக் கூலி இல்லை. ஆளே கேட்டு வாங்கினால் தவிர இது வேண்டாம். மொத்தக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய 20,000-இல் ஐநூறைக் காசாகக் கொடுப்பது வேறு. அவருக்கும் சில்லறை தேவை, வேண்டாம் என்றால் வாய் திறந்து சொல்லும் இடத்தில் இருக்கிறார்.

மிட்டாய் கொடுப்பதும், “பத்து ரூபாய்க் காசு வேண்டாம்” என்பதும் இதே ஜாதிதான். மூட்டை சேராமல் இருக்க, மூட்டையை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். உண்டியலில் 25 பைசாவைக் கழித்துவிடுபவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்; எண்ணிக்கை அன்று தரையில் உட்கார்ந்து பொறுக்கி எடுப்பவர்களுக்கு அதில் புண்ணியம் ஒன்றும் தெரிவதில்லை.

அந்த டீக்கடைக்கும், கொடைக் கமிட்டிக்கும்

மாதம் 4,000 சேரும் அந்தக் கடைக்கு நாங்கள் சொல்வது: ஒன்றும் இரண்டுமாக 14 உறையை வாரத்துக்கு மூன்று நாலு என்று பக்கத்துக் கடைகளுக்கு. ஐந்தையும் பத்தையும் மாத நடுவில் ஒருநாள் வங்கிக்கு. எண்ணிக்கைக் கணக்கு என்றால் 47 ரூபாய் 20 காசு, சதவீதம் என்றால் 118, இலவச வரம்புக்குள் வந்தால் அதுவும் இல்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாமா என்று கணக்கு எழுதுபவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஊர்க் கொடைக் கமிட்டிக்கு இதே யோசனையைச் சொல்ல மாட்டோம். அது ஒருவர் பணம் இல்லை. கடை கடையாக மாற்றினால் எங்கே எவ்வளவு மாறியது, யார் கையில் எத்தனை நாள் இருந்தது என்ற பேச்சு அடுத்த கொடை வரை ஓடும். இரண்டு பேர் எண்ண, மூன்றாமவர் எழுத, மூவரும் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கோ மறுநாளோ முழுத் தொகையையும் கமிட்டிக் கணக்கில் கட்டுங்கள். கட்டணம் பிடித்தால் பிடிக்கட்டும். கோவில் சுவரில் ஒட்டும் வரவு செலவு நோட்டீஸில், மேளத்துக்கும் பந்தலுக்கும் கீழே, “வங்கி நாணயக் கட்டணம் ரூ. 236” என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.